ஹைட்ரோ டெஸ்ட்: ராத்திரியில் பிரஷர் இறங்குது, கசிவு தெரியலை

வணக்கம். ஓரகடம் பக்கம் ஒரு பெரிய ஆலையில் பைப்பிங் கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியரா இருக்கேன். 6 இஞ்ச் கார்பன் ஸ்டீல் பைப், ஷெட்யூல் 40 (சுவர் தடிமன் அளவு), சுமார் 400 மீட்டர், ரேக் மேல வெட்டவெளியில் போகுது. டிசைன் பிரஷர் 10 பார், ஹைட்ரோ டெஸ்ட் (தண்ணி நிரப்பி பிரஷர் ஏத்தி கசிவு பார்க்கிறது) 15. நேத்து சாயங்காலம் 5 மணிக்கு 15 ஏத்தி வால்வை மூடினோம். காலை 6 மணிக்கு 9 காட்டுது. பைப்பை போல்ட் போட்டு இணைக்கிற எல்லா ஃப்ளேஞ்சையும் துணியால் துடைச்சுப் பார்த்தாச்சு, ஒரு சொட்டு ஈரமில்லை. பிரஷர் நிக்காம கையெழுத்து கிடையாதுங்கிறார் இன்ஸ்பெக்டர். எங்க மேனேஜர் ஃப்ளேஞ்ச் நடுவுல வர்ற மொத்த கேஸ்கெட்டையும் மாத்தச் சொல்றார். பெயின்டிங் ஆட்கள் வேற சும்மா உட்கார்ந்திருக்காங்க. என்ன செய்யலாம்?

பதில் 1:
கேஸ்கெட்டில் கை வைக்காதீங்க தம்பி. ராத்திரி முழுக்க வைக்கச் சொன்னது யாரு? ஆலை பைப்பிங்குக்கான கோட், ஏ.எஸ்.எம்.இ. பி31.3, கேட்பது குறைஞ்சது 10 நிமிஷம், அதோட எல்லா ஜாயின்ட்டையும் பார்த்து முடிக்கிற வரைக்கும். உங்க புரொசீஜர்ல என்ன இருக்கு?

கேட்டவர்:
1 மணி நேரம்தான் சார். இருட்டிடுச்சேன்னு அப்படியே விட்டுட்டோம்.

பதில் 2:
இது மார்கழிப் பனி செய்யற வேலை. தண்ணி குளிர்ந்தா சுருங்கும், பைப் அந்த அளவு சுருங்காது. லைன்ல காத்தே இல்லைன்னு வைங்க, உங்க சைஸுக்கு 1 டிகிரி இறங்கினாலே கிட்டத்தட்ட 3, 4 பார் போகணும். ராத்திரியில் நிச்சயம் அதுக்கு மேல குளிர்ந்திருக்கும். அப்படியும் 6 பார்தான் இறங்கியிருக்குன்னா எனக்கு வேற சந்தேகம்: உள்ளே காத்து மாட்டியிருக்கு, அதுதான் ஸ்பிரிங் மாதிரி தாங்குது. அது ஆபத்து. எக்ஸ்பான்ஷன் லூப் (பைப் நீள இடம் விட்டு வளைச்ச பகுதி) உச்சியில் காத்து வெளியேத்துற வென்ட் திறந்தீங்களா? அப்புறம், பம்ப் ஏத்தாம வெயில் வர்ற வரைக்கும் கேஜைப் பாருங்க. கசிஞ்சு போன தண்ணி திரும்பி வராது. குளிர்ல இறங்கின பிரஷர் வரும்.

பதில் 3:
அண்ணன் சொல்றது சரி, ஆனா எல்லாத்தையும் பனி மேல போடாதீங்க. ரெண்டு பக்கமும் வால்வை நம்பி மூடினீங்களா, பிளைண்ட் (முழுசா அடைக்கிற தகடு) போட்டீங்களா? கேட் வால்வ் மூடியும் உள்ளுக்குள்ளயே தண்ணியை விட்டா, அதாவது பாஸ் ஆனா, வெளியே ஈரம் எங்கிருந்து தெரியும்? பம்ப் ஹோஸ் பக்கத்து சின்ன வால்வையும் பாருங்க.

கேட்டவர் (2 நாள் கழிச்சு):
அன்னைக்கு 11 மணிக்கு கேஜ் 13.5 வரைக்கும் ஏறிச்சு! மீதி எங்கே போச்சுன்னு பார்த்தா, டேங்க் பக்க வால்வ் பாஸ். அங்கே பிளைண்ட் போட்டோம். லூப் வென்ட் திறக்கவே இல்லைங்கிறது உண்மைதான். திறந்ததும் அஞ்சு நிமிஷம் காத்து சீறிச்சு. இன்னைக்கு விடியக்காலை 5:30க்கு 15 ஏத்தி, பைப் மேலயே தெர்மாமீட்டர் கட்டி, 1 மணி நேரம் ரெண்டையும் எழுதினோம். முள் அசையலை. வெயில் ஏறினதும் 16ஐத் தாண்டப் பார்த்துச்சு, உடனே டிரெயின் வழியா இறக்கிட்டோம்.

பதில் 2:
அடுத்த தடவை பிரஷர் கூடினா தானே திறக்கிற ரிலீஃப் வால்வ் போட்டுட்டு ஏத்துங்க. எப்பவும் ஆள் பக்கத்துலேயே நிப்பாங்கன்னு சொல்ல முடியாது.

கேட்டவர்:
சரி சார். கையெழுத்து வாங்கியாச்சு. கேஸ்கெட் ஆர்டரைத்தான் மேனேஜர் இன்னும் கேன்சல் பண்ணலை.