லைட்டன்டு ஃப்ளைவீல்: பெயரில் எடை வர வேண்டுமா, நிலைமம் வர வேண்டுமா?

அன்புள்ள நண்பர்களுக்கு, வணக்கம்.

கார் எஞ்சினின் ஃப்ளைவீலை இலேசாக்கினால் கிடைக்கும் ‘லைட்டன்டு ஃப்ளைவீல்’ என்பதற்குத் தமிழ்ப்பெயர் தேடும் இந்த இழையில் இதுவரை ‘எடைகுறை பறப்புச் சக்கரம்’, ‘இலகு சமன்சக்கரம்’, ‘நொய்யாழி’ என மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. மூன்றுமே எடையைச் சொல்கின்றன (நொய்யாழியில் நொய் என்பது இலேசு, ஆழி என்பது சக்கரம்). கார் எஞ்சினில் இந்த மாற்றத்தைச் செய்துகொள்பவர் குறைக்க விரும்புவது எடையை அன்று, வேகம் மாறுவதை எதிர்க்கும் பண்பாகிய நிலைமத்தை என்பதே என் தடை.

முதலில் சக்கரத்தின் பெயரை முடித்துவிடலாம். ‘பறப்பு’ வேண்டாம்; இதில் எதுவும் பறப்பதில்லை, பறந்தால் கிளட்ச் கூட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது என்று பொருள். நான்கு சிலிண்டர் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினில் இந்தச் சக்கரத்தைச் சுழற்றும் கிராங்க் தண்டின் ஒவ்வோர் அரைச்சுற்றுக்கும் ஒரு வெடிப்பு நிகழ்கிறது. அந்த வெடிப்பின் ஆற்றலில் ஒரு பங்கைத் தன் சுழற்சியில் வாங்கி வைத்து, அடுத்த சிலிண்டரில் கலவையை அழுத்த வேண்டிய நேரத்தில் திருப்பிக் கொடுத்து, ஓட்டத்தைச் சமனாக்குவதே இதன் வேலை. எனவே சமன்சக்கரம் பொருத்தமானது. டயர் கடையில் செய்யும் வீல் பேலன்சிங்குடன் குழம்பும் என்ற எதிர்ப்பைப் படித்தேன். அது சக்கரத்துக்குச் செய்யப்படும் வேலை, இது சக்கரம் செய்யும் வேலை என்பதால் இடம் பார்த்தாலே விளங்கிவிடும்.

இனி அடைமொழிக்கு வருகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய பெட்ரோல் காரின் சமன்சக்கரத்தைக் கழற்றி, கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றேன். ஒரு கிலோ குறைத்துத் தாருங்கள் என்றதும், கடைசல் பிடிப்பவர் சக்கரத்தைக் கையில் திருப்பிப் பார்த்துவிட்டு, “எங்கே குறைக்கணும் சார்? ஓரத்துல குறைச்சா வண்டிக்குத் தெரியும், நடுவுல குறைச்சா தராசுக்குத்தான் தெரியும்” என்றார். நம் விவாதத்தின் சாரம் அந்த ஒரு வாக்கியத்தில் இருக்கிறது.

சுழலும் பொருளின் நிலைமத்தை அளக்கும் நிலைமத் திருப்புத்திறன் என்பது நிறையை ஆரத்தின் இருமடியால் பெருக்கி வருவது. மையத்திலிருந்து 12 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு கிலோவைக் கடைந்து எடுப்பதன் பலன், அதே ஒரு கிலோவை 6 சென்டிமீட்டரில் எடுப்பதைப் போல நான்கு மடங்கு. அந்தப் பலனும் எல்லாக் கியரிலும் ஒன்றன்று. முதல் கியரில் எஞ்சினுக்கும் சாலையில் உருளும் சக்கரத்துக்கும் இடையே மொத்தச் சுழற்சி விகிதம் 14 (எஞ்சின் 14 சுற்றுக்குச் சக்கரம் ஒரு சுற்று) என்றும், டயரின் ஆரம் 28 சென்டிமீட்டர் என்றும் வைத்துக்கொண்டால், விளிம்பில் எடுத்த அந்த ஒரு கிலோ, முடுக்கத்தைப் பொறுத்தவரை காரிலிருந்து ஏறக்குறைய 36 கிலோவை இறக்கி வைத்ததற்குச் சமம். மொத்த விகிதம் 3.2 ஆகிவிடும் கடைசிக் கியரில் அதே கணக்கு இரண்டு கிலோவைக்கூடத் தொடுவதில்லை. ‘எடைகுறை’ என்ற சொல்லைப் படிக்கும் மாணவர், காரின் எடை ஒரு கிலோ குறைந்தது, அவ்வளவுதானே என்று கடந்துவிடுவார்.

‘நொய்யாழி’ கேட்க இனிமையான சொல். முன்மொழிந்தவரின் சொல்வளத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் நொய்மை இலேசையும் குறிக்கும், வலுவின்மையையும் குறிக்கும். வார்ப்பிரும்புச் சக்கரத்தை அளவுக்கு மீறிக் கடைந்தால் அதிவேகச் சுழற்சியில் வெடித்துச் சிதறும் ஆபத்து உண்டு; பந்தயத்துக்கு எஃகையோ, உராயும் முகத்தில் மட்டும் எஃகுத் தகடு பதித்த அலுமினியத்தையோ நாடுவது அதனால்தான். அந்தப் பொருளின் பெயரிலேயே வலுவின்மை ஒலிப்பது சரியன்று. ‘கடைந்த சமன்சக்கரம்’ என்பதும் நிற்காது, ஏனெனில் அலுமினியச் சக்கரத்தை யாரும் பிறகு கடைந்து இலேசாக்குவதில்லை. அது பிறக்கும்போதே இலேசு.

ஆகவே என் பரிந்துரை ‘குறைநிலைமச் சமன்சக்கரம்’. ‘குறை’ என்றால் பழுது என்று படிப்பார்களே எனலாம். குறைகடத்தியை யாரும் பழுதான கடத்தி என்று படிப்பதில்லை. இச்சொல்லின் இன்னொரு நன்மை, ஆதாயத்தையும் இழப்பையும் ஒன்றாகவே விளக்குவது. நிலைமம் குறைந்ததால் ஆக்சிலரேட்டரை மிதித்தவுடன் எஞ்சின் விரைந்து ஏறுகிறது. அதே காரணத்தால் காலை எடுத்ததும் விரைந்து இறங்குகிறது, ஐடிலிங்கில் நடுங்குகிறது, மேட்டில் கிளட்சை விடும்போது அணைந்துபோகிறது. என் கார் பந்தயத் தடத்தில் இனித்தது, மருதமலை ஏற்றத்தில் வண்டிகளுக்குப் பின்னால் நின்று நின்று ஏறியபோது என்னை அழவைத்தது.

நிலைமத்துக்கு இலங்கையில் வழங்கும் சடத்துவம், சக்கரத்துக்கு வழங்கும் சில்லு என்ற சொற்களை வைத்து இலங்கை நண்பர்கள் ‘குறைசடத்துவச் சமன்சில்லு’ என ஆளலாம். இரண்டும் ஒரே அச்சில் வார்த்தவை என்பதால் ஒன்றை அறிந்தவருக்கு மற்றது புரியும். ‘நிறைகுறை’ என்று வைத்தால் அந்த வசதி போய்விடும். தமிழ்நாட்டுப் பாடநூலின் நிறை இலங்கையில் திணிவு. இலங்கையின் நிறை இங்கே எடை.

இதே காரணத்தால், பல டீசல் கார்களில் வரும், இரு பாகங்களுக்கு இடையே வில்சுருள் வைத்த சக்கரத்துக்கு ஒருவர் தந்த ‘இருநிறைச் சமன்சக்கரம்’ என்ற பெயரையும் மறுபரிசீலனை செய்ய வேண்டுகிறேன். அதற்கு ‘இரட்டைச் சமன்சக்கரம்’ போதும். நிறையா திணிவா என்ற வழக்கே அங்கே எழாது.