பெட்ரோல் கம்பெனின்னு சொன்னா பையனுக்குக் கோவம் வருது

கோத்தகிரி இலை:
அக்கா பையனுக்கு வேலை கிடைச்சிருக்குங்க. கடிதத்துல கம்பெனியைப் பத்தி "ஒருங்கிணைந்த எரிசக்தி மற்றும் வேதிப்பொருள் நிறுவனம்"னு போட்டிருக்கு. அப்படின்னா என்னடான்னு அக்கா கேட்டா. பெட்ரோல் கம்பெனின்னுட்டேன். பையன் முகத்தைத் தூக்கி வெச்சுக்கிட்டான். நான் சொன்னதுல என்ன தப்பு?

குந்தாக்காரன்:
ஒரு தப்பும் இல்லீங்க. பழைய கம்பெனி, புதுச் சட்டை. கரண்ட் வண்டி பெருகுனா டீசல் விக்காது. அந்தப் பயத்துல மிச்ச எண்ணெயைப் பிளாஸ்டிக்காக்கி நம்ம தலையில கட்டுறாங்க. நம்ம நீலகிரிக்கு ஏறுற வழியில, கல்லாறு சோதனைச் சாவடியில டூரிஸ்ட் பையைத் துழாவி பிளாஸ்டிக் பாட்டிலைப் பிடுங்குறது நாம.

லவ்டேல் வளைவு:
சம்பளம் எவ்வளவுன்னு யாருமே கேக்கலியே!

மணலி ரிட்டயர்டு:
தம்பி சொல்றது பாதி சரி. கச்சா எண்ணெயைக் காய்ச்சி கோபுரத்துல ஏத்துனா உச்சியில கேஸ், அதுக்குக் கீழ நாப்தாங்கிற பெட்ரோல் மாதிரி லேசான எண்ணெய், நடுவுல மண்ணெண்ணெய், டீசல், அடியில தார். சுத்திகரிப்பு மட்டும் பண்றவன் இதோட வித்துட்டுப் போயிடுவான். ஒருங்கிணைந்த கம்பெனி அந்த நாப்தாவை விக்காது. நீராவி சேர்த்து 800 டிகிரிக்கு மேல ஒரு நொடிகூட ஆகாம காய்ச்சி எடுக்கும். பிளாஸ்டிக்குக்கு மூலமான எத்திலீன், புரோப்பிலீன் வாயுக்கள் கிடைக்கும். இலைக்காரரே, உங்க டீ நாத்து நிக்கிற கருப்புப் பை எத்திலீன்ல வந்தது. யூரியா சாக்கோட நூல் பெரும்பாலும் புரோப்பிலீன். ஜாம்நகர்ல ரிலையன்ஸ் ரெண்டையும் ஒரே இடத்துல வெச்சிருக்கு. எங்க மணலியில கதை வேற. சென்னை பெட்ரோலியம்ங்கிற சுத்திகரிப்பு ஆலை மண்ணெண்ணெய் தரும், பக்கத்துல இருக்கிற தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் அதுல இருந்து சலவைப் பவுடருக்கு மூலப்பொருள் எடுக்கும். வீடு தனித்தனி, அடுப்பு ஒண்ணு.

எதை எரிக்கிறது, எதைப் பொருளாக்குறதுன்னு விலையைப் பாத்து மாத்திக்கிற வசதிதான் விஷயம். பெட்ரோல் விலை விழுந்தா ரசாயனம் தாங்கும்.

குந்தாக்காரன்:
வசதி அவங்களுக்கு சார். தென்னாப்பிரிக்காவுல சாசோல்னு ஒரு கம்பெனி, 1950ல ஆரம்பிச்சது. எண்ணெய் கிடைக்காத நாடு, அதனால நிலக்கரியைக் கேஸாக்கி பெட்ரோல், மெழுகு, ரசாயனம்னு எல்லாம் எடுக்குறாங்க. முறை ஜெர்மனியில பிஷரும் டிராப்ஷும் 1925 வாக்குல கண்டுபிடிச்சது. கெட்டிக்காரத்தனம்தான், நான் இல்லைங்கல. ஆனா அவங்க செகுண்டா ஆலை, ஒரே இடத்துல இருந்து உலகத்துலயே அதிகமா கரியமில வாயு விடுறதுல ஒண்ணு. எல்லாத்தையும் ஒருங்கிணைச்சா புகையும் சேர்ந்துதானே வரும்? பைக்காராவுல 1932லயே தண்ணியில கரண்ட் எடுத்த மலை நம்முளுது.

மணலி ரிட்டயர்டு:
கரண்ட் எடுக்கலாம் தம்பி. தண்ணியில யூரியா எடுப்பீங்களா?

குந்தாக்காரன்:
எடுத்தாங்களே! பஞ்சாப்ல நங்கல் உர ஆலை. 1960கள்ல பக்ரா அணைக் கரண்டால தண்ணியைப் பிரிச்சு ஹைட்ரஜன், அதுல இருந்து அம்மோனியா, அதுல இருந்து உரம்.

மணலி ரிட்டயர்டு:
சபாஷ், நங்கலைத் தெரிஞ்சு வெச்சிருக்கீங்க. அது நைட்ரேட் உரம் ஐயா, யூரியா இல்ல. யூரியாவுக்குக் கரியமில வாயுவும் வேணும், அது தண்ணியில வராது. அப்புறம் நங்கல்லயே எரிஎண்ணெய்க்கு மாறினாங்க.

குந்தாக்காரன்:
அந்த யூரியா சாக்கு, நாத்துப் பையெல்லாம் எங்க போகுதுன்னு ஓடையில இறங்கிப் பாருங்க சார். 2019ல மாநிலமே 14 வகைப் பொருளைத் தடை பண்ணுச்சு. பிளாஸ்டிக்குக்கு மூலப்பொருள் செய்யற பெரிய ஆலையை ஒருத்தரும் தொடல.

மணலி ரிட்டயர்டு:
அதுக்கு என்கிட்ட பதில் இல்ல. ஒத்துக்கறேன்.

கோத்தகிரி இலை:
சண்டைக்கு நடுவுல ஒண்ணு கேக்கறேன். டீச் செடியில செஞ்சிலந்திப் பூச்சிக்கு அடிக்கிறோமே கந்தகம், அதுவும் எண்ணெயில இருந்தா?

மணலி ரிட்டயர்டு:
இப்ப உலகத்துல கிடைக்கிற கந்தகத்துல பெரும்பங்கு எண்ணெய், எரிவாயுல இருந்து பிரிச்சதுதான். 2020 ஏப்ரல்ல வண்டிப் புகைக்கான பிஎஸ்-6 விதி வந்தப்போ டீசல்ல கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்குல இருந்து 10ஆகக் குறையணும்னு சட்டம். எடுத்த கந்தகம் மஞ்சள் மஞ்சளா முற்றத்துல குவிஞ்சு கிடக்கும். நான் பாத்திருக்கேன், மழைக்காலத்துல அந்த மஞ்சள் பளிச்சுன்னு இருக்கும்.

குந்தாக்காரன்:
அழகா இருக்குன்னு சொன்னா வேலை தருவாங்களோ என்னவோ.

கோத்தகிரி இலை:
இப்பதான் கொட்டகையில டார்ச் அடிச்சுப் பாத்துட்டு வந்தேன். 45 கிலோ யூரியா சாக்கு நாலு, நாத்துப் பைக்கட்டு ஒண்ணு, கந்தகப் பொட்டலம், மருந்து டப்பா, நீலப் பிளாஸ்டிக் பெட்டி. மண்வெட்டிப் பிடி மட்டும்தான் மரம்! அக்காவுக்குப் போன் போட்டு, பையன் கம்பெனி கேஸ் சிலிண்டர்ல இருந்து சோப்புத்தூள் வரைக்கும் எல்லாம் செய்யும்னு சொன்னேன்.

"அப்ப சிலிண்டர் நமக்கு சும்மா கிடைக்குமாடா?"ங்குறா.