கட்டடக்கலை மாணவருக்கு மின்குறிப்பேடு: எப்படி அமைப்பது?

குடந்தை மாணவி:
கும்பகோணத்திலிருந்து சென்று கட்டடக்கலை மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாராசுரம் கோயிலில் எடுத்த அளவுகள், அக்கிரகார வீடுகளின் திண்ணை, ரேழி (வாசலிலிருந்து உள்ளே செல்லும் நடை), முற்றம் ஆகியவற்றின் படங்கள், கட்டுமான வகுப்புக் குறிப்புகள், விதிமுறை பி.டி.எஃப்.கள் என எல்லாம் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் வாட்ஸ்அப் குழுக்களிலும் சிதறிக் கிடக்கின்றன. பருவவாரியாகக் கோப்புறைகள் வைத்திருந்தாலும், ஸ்டுடியோ எனப்படும் வடிவமைப்பு வகுப்பில் ஒரு முற்றத்தின் அளவு தேவைப்படும்போது அது எந்தப் பருவத்தில் எடுத்தது என்று தேடுவதிலேயே நேரம் போய்விடுகிறது. குறிப்பெடுக்கும் செயலிகளான நோஷன், ஆப்சிடியன், ஒன்நோட் ஆகியவற்றுள் எதைத் தேர்ந்தெடுக்கலாம்? ஐந்தாண்டுப் படிப்பு முடிந்த பிறகும் அது பயன்பட வேண்டும்.

தஞ்சைக் கட்டடக் கலைஞர்:
செயலியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், அம்மா. ஒரு குறிப்பில் என்ன இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். முற்றத்தின் படம் மட்டும் இருந்தால் அதைக் கொண்டு வரைய முடியாது. நீளம், அகலம், தாழ்வார இறவாரத்தின் (கூரை விளிம்பின்) உயரம், மழைநீர் வெளியேறும் வழி, வெயில் இறங்கும் நேரம் ஆகியவை அருகிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். தலைப்பையும் ‘முற்றம்’ என்று பொதுவாக வைக்காமல், ‘இறவாரம் தாழ்ந்திருப்பதால் கூடத்திற்குள் சாரல் வருவதில்லை’ என்று நீங்கள் கண்டதையே தலைப்பாக வையுங்கள். நாளைக்கு ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தாழ்வாரம் வரையும்போது அந்தக் குறிப்பு தானாகவே தேடலில் அகப்படும்.

குறிப்புகளை ஒன்றோடொன்று எண்ணிட்டு இணைக்கும் முறையில் சுமார் 90,000 அட்டைகளைச் சேர்த்த ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். அவருடைய பொருள் எழுத்து. நமக்கோ வரைபடமே குறிப்பு. எனவே களத்தில் எழுதிய தாளை அப்படியே ஸ்கேன் செய்து வையுங்கள்; அதில் ஒரு மீட்டர் எவ்வளவு நீளம் என்று காட்டும் அளவுகோல் பட்டை ஒன்றும் வரைந்திருக்கட்டும். ‘1:50’ என்று எழுதி வைத்திருப்பது, படத்தைச் சுருக்கியதும் பொய்யாகிவிடும். பட்டை படத்தோடு சேர்ந்தே சுருங்கும். நாடா பிடித்து அளந்தது எது, கண்ணால் மதிப்பிட்டது எது, நூலிலிருந்து எடுத்தது எது என்பதையும் ஒவ்வோர் எண்ணுக்கும் குறித்து வையுங்கள். இதை விட்டுவிட்ட குறிப்பேட்டை நான் நம்பமாட்டேன்.

திருவாரூர் முதுநிலை மாணவர்:
ஐயா சொன்னது சரி. ஆனாலும் எந்தச் செயலி என்பது அத்தனை சிறிய விஷயமன்று. ஆப்சிடியன் குறிப்புகளை எளிய உரைக்கோப்புகளாக உங்கள் கணினியிலேயே சேமிப்பதால், பின்னாளில் அந்தச் செயலியே இல்லாமற்போனாலும் அவற்றை எதிலும் திறக்கலாம். நோஷனில் உள்ளவை அந்நிறுவனத்தின் சேவையகத்தில் இருக்கும். குழுவேலைக்கு அது வசதியானது. கட்டுரைகளுக்கும் நூல்களுக்கும் மேற்கோள் விவரங்களைச் சேமிக்கும் ஜோட்டெரோ செயலி போதும். கணினியில் வரைந்த கேட் (CAD) கோப்புகளைத் தனிக் கோப்புறையில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு பி.டி.எஃப். படியை மட்டும் குறிப்பில் இணையுங்கள்.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைவதோடு, எடுத்த இடம் பற்றிய விவரமும் நீங்கிவிடும். ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். கோப்பின் பெயரை 2025-01-14 என்பதுபோல ஆண்டில் தொடங்கினால் அவை தாமாகவே கால வரிசையில் நிற்கும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் யாரேனும் தரும் குறிப்புகளை இன்றைய பொதுக் குறியாக்கமான யுனிகோடுக்கு மாற்றாமல் சேர்த்தால் தமிழில் தேடும்போது கிடைக்காது. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 பலமுறை திருத்தப்பட்டிருப்பதால், அதிலிருந்து எடுக்கும் எந்த அளவுக்கும் பார்த்த தேதியை எழுதுங்கள்.

குடந்தை மாணவி:
மிக்க நன்றி. கோயில் குறிப்புகளைக் கோயில்வாரியாக வைப்பதா, உறுப்புவாரியாக வைப்பதா?

தஞ்சைக் கட்டடக் கலைஞர்:
இரண்டும் வேண்டும். கோயிலுக்கு ஒரு குறிப்பு. அதில் காலம், கட்டுவித்தவர், முழு முகப்பு வரைபடம். அதிட்டானம் எனப்படும் கோயில் அடித்தளத்தின் உறுப்புகளான ஜகதி, குமுதம், கண்டம், பட்டிகை ஒவ்வொன்றுக்கும் தனிக் குறிப்பு. அதில் குமுதம் உருண்டையா பட்டையா, உயரம் எவ்வளவு என்பன. இவற்றை இணைத்துவிட்டால் 1010-இல் நிறைவுற்ற பெரிய கோயிலின் அதிட்டானத்தையும் 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எடுப்பித்த தாராசுரத்து அதிட்டானத்தையும் ஒரே திரையில் அருகருகே வைத்து ஒப்பிடலாம். பழைய கோப்புகள் அனைத்தையும் இப்போதே ஒழுங்குபடுத்த முயலவேண்டாம். இந்தப் பருவத்துத் திட்டத்திற்கு எது தேவையோ அதை மட்டும் எடுத்துக் குறிப்பாக்குங்கள்.