மறு: கலைச்சொல் விவாதம் – 'துலங்கல்' வேண்டாம், 'சாட்சியேற்பு' வைப்போம்

அண்ணா, வணக்கம். நம் இறையியல் கலைச்சொல் பட்டியலுக்காக நீங்கள் எழுதியது இது:

> கடவுள் தரும் சாட்சிக்கு மனிதர் காட்டும் மறுவினையைத் 'துலங்கல்' என்போம். பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த சொல்.

தெரிந்த சொல் என்பதுதான் தடை. விஞ்ஞானப் பாடத்தில் தூண்டலும் துலங்கலும் சேர்ந்தே வரும். தொட்டாற்சுருங்கியைத் தொட்டால் இலை கூம்புகிறது, அது துலங்கல். கூம்பாமல் இருக்கச் செடிக்கு வழியில்லை. மனிதருக்கு வழி இருக்கிறது.

வேதாகமத்தில் அப்போஸ்தலர் 14ஐ எடுங்கள். லீஸ்திரா என்ற ஊரில், அப்போஸ்தலன் பவுல் சொல்ல, பிறவிச் சப்பாணி எழுந்து நடக்கிறான். சனங்கள் பவுலையும் அவருடன் வந்த பர்னபாவையும் தேவர்களாக்கிப் பலியிட எருதுகளைக் கொண்டுவருகிறார்கள். இருவரும் பதறித் தடுக்கிறார்கள்: மழையும் விளைச்சலும் தந்து, கடவுள் தம்மைக் குறித்துச் சாட்சியில்லாமல் விட்டதில்லை என்கிறார்கள். பிறகு அதே ஊரில் பவுலைக் கல்லெறிந்து, செத்தான் என்று வெளியே இழுத்துப் போடுகிறார்கள். பிழையாக விளங்கவும் தள்ளவும் இடம் இருக்கிற ஒன்றுக்குத் 'துலங்கல்' எப்படிப் பொருந்தும்?

'சாட்சி கூறல்' போதும் என்று தங்கச்சி எழுதியிருந்தா. போதாது. போன மாரிக்கு உடுவிலில் ஒரு வீட்டு ஜெபக்கூட்டம். சாட்சி நேரத்தில் ஒரு அம்மா எழும்பி, மழை பெய்து கிணறு ஊறினதற்கு ஆண்டவருக்கு நன்றி சொன்னா. அது சாட்சி கூறல். கூட்டம் முடிந்ததும், கிணறில்லாத அயல் வீட்டுக்குக் குழாயை வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்து மோட்டரைப் போட்டா. அதையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் சொல் இல்லை.

ஆகவே 'சாட்சியேற்பு'. யோவான் 3:33இல் சாட்சியை ஏற்றுக்கொள்ளுகிறவன் 'தேவன் சத்தியமுள்ளவரென்று முத்திரைபோட்டு நிச்சயப்படுத்துகிறான்'. ஏற்பு வெறும் தலையாட்டல் அல்ல. பதவியேற்பு, பொறுப்பேற்பு எல்லாவற்றிலும் ஏற்றவர் ஒன்றைத் தோளில் சுமக்கிறார்.

இது மனிதருக்கு அதிகப் பங்கைக் கொடுத்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி, இதில்தான் நான் நெடுநேரம் நின்றேன். ரோமர் 8:16இல் ஆவியானவர் நம்முடைய ஆவியுடனேகூடச் சாட்சி கொடுக்கிறார். ஆவியானவரின் உட்சாட்சி முத்திரையிடுமுன் திருவார்த்தை மனித உள்ளத்தில் ஏற்பைப் பெறாது என்றே சீர்திருத்த இறையியலாளர் கல்வினும் எழுதினார். ஏற்பதற்கான பலமும் அங்கிருந்தே வருகிறது. ஆனாலும் ஏற்பவர் மனிதர்தான். 'ஏற்பு' இரண்டுக்கும் இடம் விடுகிறது.

கத்தோலிக்கச் சகோதரர்கள் 'சான்று' என்று வாசித்துப் பழகியவர்கள். அவர்களுக்காகச் 'சான்றேற்பு' என்பதையும் பக்கத்தில் போடலாம். என் விருப்பம் சாட்சி பக்கம்தான்: சான்று ஒரு கடதாசியாகவும் இருக்கலாம், சாட்சி என்றால் ஓர் ஆள் முன்னால் நிற்கிறார்.

எதிர்ச்சொல்தான் இன்னும் சரிவரவில்லை. 'சாட்சிமறுப்பு' என்றால் சாட்சி சொல்ல மறுப்பது என்று படும். 'சாட்சியேலாமை' இலக்கணப்படி சரி. ஆனால் யாழ்ப்பாணத்துக் காதில் 'ஏலாது' என்றுதான் விழும், மனமில்லாதவன் முடியாதவன் ஆகிவிடுவான். இப்போதைக்குச் 'சாட்சி தள்ளல்' என்று குறித்திருக்கிறேன். தங்கச்சியும் நீங்களும் பார்த்து எழுதுங்கள். அதற்குப் பிறகு பட்டியலில் ஏற்றுவோம்.