டோக்கியோ: துணிப்பெட்டி கிழிந்துவிட்டது, ஜப்பானியர்களைப் போல விலையுயர்ந்த கெட்டிப் பெட்டி வாங்கியே ஆகவேண்டுமா?

புதுவரவு (டோக்கியோ):
எல்லோருக்கும் வணக்கம். இங்கே வந்து பத்து வாரம் ஆகிறது. அடுத்த வியாழக்கிழமை அலுவலக வேலையாக வெளியூர் போகிறேன். பிரிவுத் தலைவரும் இன்னும் மூன்று பேரும் உடன் வருகிறார்கள். திருச்சியிலிருந்து கொண்டுவந்த பெரிய துணிப்பெட்டியின் ஜிப் நேற்றிரவு பிளந்துவிட்டது, ஒரு சக்கரமும் ஆடுகிறது. அலுவலகத்தில் ஒருவரிடமும் துணிப்பெட்டி இல்லை. எல்லாம் அலுமினியம், இல்லாவிட்டால் பாலிகார்பனேட் என்னும் கெட்டிப் பிளாஸ்டிக். ஒருவர் தம்முடைய ரிமோவா நிறுவனப் பெட்டியைக் காட்டினார். விலையைத் தேடிப் பார்த்தேன், பெரிய அலுமினியப் பெட்டி இரண்டு லட்சம் யென்னுக்கு மேல். அதன்பிறகு எனக்குத் தூக்கமே வரவில்லை. இதுவரை ஒரே ஒரு முழுச் சம்பளம்தான் வாங்கியிருக்கிறேன். இவர்கள் ஏன் ஒரு பெட்டிக்கு இவ்வளவு செலவழிக்கிறார்கள்? நான் வாங்காவிட்டால் மதிப்புக் குறைவாக நினைப்பார்களா? அவசரம், தயவுசெய்து சொல்லுங்கள்.

நிஷிகசாய் வாசி:
தம்பி, பெட்டியைப் பற்றிப் பிறகு கவலைப்படலாம். முதல் மூன்று மாதம் காசைக் கையிலேயே வைத்திரு. நான் வந்த புதிதில் வீட்டுக்கு முன்பணம், ரெய்கின் (வீட்டுக்காரருக்குக் கொடுக்கும், திரும்ப வராத பணம்), உத்தரவாத நிறுவனத்துக்குக் கட்டணம் என்று எல்லாம் போக மீதியிருந்த பணத்தில் ஒரு மேசைகூட வாங்க முடியவில்லை. சூட்கேஸைப் படுக்க வைத்து, அதன்மேல் துண்டு விரித்து, நாற்பது நாள் ரசச் சோறு சாப்பிட்டேன். அதில் இன்றும் மஞ்சள் கறை இருக்கிறது. பெட்டி பளபளத்தால் பெருமை, கிழிந்தால் அவமானம் என்றெல்லாம் யாரும் பார்ப்பதில்லை. வாங்காதே.

ஓசாகா அக்கா:
தம்பி கேட்டது "ஏன்" என்றுதான். அதற்கு யாராவது பதில் சொல்ல வேண்டும். நான் நாம்பாவில் ஒரு பைக்கடையில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்தவள், எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஜப்பானியர்கள் சுற்றுலாவுக்காக வெளிநாடு போக 1964 ஏப்ரல் 1 அன்றுதான் அனுமதி வந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, கையில் 500 டாலர் வரை. அன்று ஒரு டாலர் 360 யென். வாழ்நாளில் ஒருமுறை போகும் பயணம் என்பதால், பெட்டியும் வாழ்நாளுக்கு ஒன்று என்ற எண்ணம் அந்தத் தலைமுறைக்குப் பழகிவிட்டது. 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியது, 1990-ல் வெளிநாடு போனவர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். ஓசாகாவில் 1940-ல் தொடங்கிய ஏஸ் என்ற பெட்டி நிறுவனம் பல ஆண்டுகள் சாம்சோனைட் பெட்டிகளை உரிமம் பெற்று இங்கேயே தயாரித்தது. 2004-க்குப் பிறகு ப்ரோடெகா என்ற தன் பெயரிலேயே, ஹொக்கைடோவில் பழைய நிலக்கரி ஊரான அகாபிராவில் செய்கிறது. 2006-ல் அமெரிக்க அலுமினியப் பெட்டியான ஜீரோ ஹாலிபர்ட்டனையும் அதுவே வாங்கிக்கொண்டது. கெட்டிப் பெட்டி செய்யும் கைவேலை இந்த நாட்டிலேயே இருக்கிறது. அதனால் வாங்குபவர்களுக்கும் அதைப் பார்த்து எடைபோடத் தெரியும்.

எங்கள் கடைக்கு வருபவர்கள் முதலில் விலைச்சீட்டைப் பார்ப்பதில்லை. பெட்டியைத் தலைகீழாக்கிச் சக்கரத்தைச் சுண்டிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்பார்கள். இரவில் குடியிருப்புத் தெருவில் கடகடவென்று இழுத்துப் போவது இங்கே பெரிய குறை. ஒருநாள் எழுபது வயதுக்கு மேலிருக்கும் ஒரு பாட்டி, இருபது ஆண்டுப் பெட்டியைக் கொண்டுவந்து சக்கரம் மாற்றித் தரச் சொன்னார். உள்துணியைக் கழற்றித் துவைத்து இஸ்திரி போட்டு மீண்டும் மாட்டியிருந்தார். மகளிடம் கொடுக்கப் போவதாகச் சொன்னார். சக்கரம், கைப்பிடி, பூட்டு என்று உதிரிப் பாகம் கிடைக்கும், பழுது பார்த்துத் தருவார்கள். எத்தனை ஆண்டு உழைக்கும் என்று கணக்கிட்டுத்தான் அந்த விலையைக் கொடுக்கிறார்கள்.

நகோயாக்காரர்:
அக்கா சொல்வது உண்மை, ஆனால் நமக்குப் பொருந்தாது. இருபது சதுர மீட்டர் அறையில் கெட்டிப் பெட்டி இரண்டு பாதியாகப் பிளந்து விரியும்போது கால் வைக்க இடமில்லை. துணிப்பெட்டியின் மூடியை மட்டும் தூக்கினால் போதும். முன்பக்கப் பையில் கடவுச்சீட்டு வைக்கலாம். எடையும் குறைவு. பெரிய அலுமினியப் பெட்டி வெறுமையாகவே ஆறு கிலோவுக்கு மேல். விமானத்தின் 23 கிலோ வரம்பில் கால் பங்கு பெட்டிக்கே போய்விட்டால் அம்மா கொடுத்தனுப்பும் பொடியையும் ஊறுகாயையும் எங்கே வைப்பது? பத்தாயிரம் யென்னுக்கு ஒரு துணிப்பெட்டி வாங்குங்கள்.

யோகோஹாமா அம்மா:
நகோயாவில் மழையே பெய்வதில்லையா? நான் வந்தது ஜூன் மாதம், ட்சுயு என்னும் மழைக்காலம். துணிப்பெட்டியை ஓஷிஇரே என்னும் சுவர் அலமாரியில் வைத்தேன். ஆகஸ்டில் எடுத்தபோது அடிப்பக்கம் முழுக்கப் பச்சை பூத்திருந்தது. உள்ளே என் கூறைப்புடவை. அன்று அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். கெட்டிப் பெட்டியை ஒரு ஈரத்துணியால் துடைத்தால் முடிந்தது. ஜப்பானியர்கள் வீட்டுக்குள் வரும்போது வாசலிலேயே, செருப்பைக் கழற்றும் அந்த கென்கானில் குனிந்து, நான்கு சக்கரங்களையும் துடைத்துவிட்டுத்தான் ஏற்றுவார்கள். சக்கரத்துக்குப் போடும் சிறு உறைகூட நூறு யென் கடையில் கிடைக்கிறது. செருப்பை வெளியே விடும் நமக்கு இது புரியாத விஷயமா?

நிஷிகசாய் வாசி:
எனக்கும் ஓர் அனுபவம் உண்டு. ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஒரு விமான நிறுவனம் என் பெட்டியின் மூலையை உடைத்துக் கொடுத்தது. படிவம் நிரப்பச் சொன்னார்கள், நிரப்பினேன், ஏழு மாதம் கழித்து "சாதாரணத் தேய்மானம்" என்று பதில் வந்தது.

சைதாமா மாமா:
பெட்டியை விடுங்கள், வீட்டுக்காரர்கள் மட்டும் என்ன? காலி செய்யும்போது சுவரில் ஓர் ஆணித் துளைக்கு என்னிடம் முப்பதாயிரம் யென் பிடித்தார்கள். வந்த ஆண்டில் லிப்ட் இல்லாத நான்காம் மாடி. 30 கிலோ பெட்டியைத் தோளில் வைத்து ஏறினேன். அந்த வலி குளிர்காலம் வந்தால் இன்னும் தலைகாட்டுகிறது.

நகோயாக்காரர்:
வாடகை ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது ஒரு மாத வாடகை கேட்கிறார்களே, அதை யாராவது தட்டிக் கேட்டதுண்டா?

சென்டாய் மாணவி:
மன்னிக்கவும், ஒருவர் தூக்கமில்லாமல் கேட்ட கேள்வி நடுவில் நிற்கிறது. அண்ணா, நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள்? விமானமா, ரயிலா? எத்தனை இரவு? என்ன எடுத்துப் போகிறீர்கள்? செலவு யாருடையது? இதில் ஒன்றைக்கூட நீங்கள் எழுதவில்லை.

புதுவரவு (டோக்கியோ):
மன்னிக்கவும், பதற்றத்தில் விட்டுவிட்டேன். ஹிரோஷிமா. நொசோமி ரயில், டிக்கெட்டை அலுவலகம் எடுத்துவிட்டது. மூன்று இரவு. என் உடைகளோடு நிறுவனத்தின் ஓர் அளவீட்டுக் கருவியையும் நான்தான் எடுத்துவர வேண்டும். செருப்புப் பெட்டி அளவு இருக்கும், விலை எட்டு லட்சம் யென் என்று சொன்னார்கள். அதைத் துணிப்பெட்டியில் வைப்பதை நினைத்துத்தான் உண்மையில் பயம்.

ஓசாகா அக்கா:
தம்பி, இதை முதலிலேயே சொல்லியிருந்தால் நான் வரலாறு பேசியிருக்க மாட்டேன். மூன்று இரவுக்கு இரண்டு லட்சம் யென் பெட்டி எதற்கு? வாடகைக்கு எடுங்கள். ஜப்பானியர்களே எடுக்கிறார்கள், அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. இணையத்தில் பதிவு செய்தால் வீட்டுக்கே வரும், திருப்பி அனுப்பவும் வழி சொல்லியிருப்பார்கள். நாற்பது முதல் ஐம்பது லிட்டர் போதும். ஜிப் வகையா, ஃபிரேம் வகையா என்று கேட்பார்கள். ஃபிரேம் வகை என்று சொல்லுங்கள். அதற்கு ஜிப் கிடையாது, உலோக விளிம்பு இரண்டு தாழ்ப்பாளோடு கவ்விக்கொள்ளும், கருவிக்கு அதுதான் பாதுகாப்பு. இன்னொன்று, சக்கரத்துக்கு ஸ்டாப்பர் இருக்கிறதா என்று பாருங்கள். ரயில் வளைவில் பெட்டி தானாக ஓடி யார் காலிலாவது மோதுவதைத் தடுக்கும்.

சென்டாய் மாணவி:
நொசோமிக்கு ஒரு விதி உண்டு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல், 250 வரை உள்ள பெட்டிக்கு, கடைசி வரிசைக்குப் பின்னால் இடமுள்ள இருக்கையை முன்பே பதிவு செய்ய வேண்டும். 2020 மே மாதத்திலிருந்து டோகைடோ, சான்யோ, கியூஷூ ஷின்கான்சென் (அதிவேக ரயில்) பாதைகளில் இது நடைமுறை. பதிவில்லாமல் ஏறினால் 1,000 யென். நீங்கள் எடுக்கப்போகும் அளவு 160-க்குள் அடங்கும், பதிவு வேண்டாம், தலைக்கு மேலுள்ள தட்டில் வைக்கலாம்.

யோகோஹாமா அம்மா:
உடைகளை மட்டும் தக்யூபின் என்னும் பொதி அனுப்பும் சேவையில் விடுதிக்கு அனுப்பிவிடலாம், வெறுங்கையோடு ரயிலேறலாம். செவ்வாய்க்கிழமையே கொடுத்துவிடுங்கள். விடுதியின் பெயர், முன்பதிவுப் பெயர், தங்கும் தேதி மூன்றையும் சீட்டில் எழுதுங்கள். கருவியை மட்டும் அனுப்பாதீர்கள். 3 லட்சம் யென்தான் ஒரு பொதிக்கு மேல்வரம்பு, அதற்கு மேல் மதிப்புள்ளதை ஏற்பதில்லை.

நகோயாக்காரர்:
அப்படியானால் நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். கருவிக்குக் கெட்டிப் பெட்டிதான் வேண்டும். வாடகையை அலுவலகக் கணக்கில் சேர்க்க முடியுமா என்று தலைவரிடம் நாளையே கேளுங்கள். அவர்கள் பொருளைத்தான் சுமக்கிறீர்கள், கேட்பது தவறல்ல.

நிஷிகசாய் வாசி:
கிழிந்த பெட்டியை ரயில் நிலையத்திலோ குப்பைக் கூடத்திலோ விட்டுவிட்டு வராதே தம்பி. அது சோதாய் கோமி, பெரிய குப்பைக் கணக்கு. உன் வார்டு அலுவலகத்தின் இணையதளத்தில் பதிவு செய்து, கொம்பினி என்னும் சிறு கடையில் சில நூறு யென்னுக்கு ஸ்டிக்கர் வாங்கி ஒட்டி, சொன்ன நாளில் காலையில் வெளியே வைக்க வேண்டும்.

புதுவரவு (டோக்கியோ):
தலைவரிடம் கேட்டேன். ரசீது கொடுத்தால் போதும் என்று சொல்லிவிட்டார். அவருடைய பெட்டியும் பதினைந்து ஆண்டுப் பழையதாம், மூன்றாவது செட் சக்கரம் ஓடுகிறது என்று தொட்டுக் காட்டினார். 46 லிட்டர் ஃபிரேம் பெட்டி, ஸ்டாப்பரோடு, செவ்வாய் மாலை வருகிறது. கருவியை என் கையிலேயே அந்தப் பெட்டியில் எடுத்துப் போகிறேன், உடையும் அதிலேயே அடங்கிவிடும். சோதாய் கோமிக்குப் பதினெட்டாம் தேதி கிடைத்திருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம்: கருவியைச் சுற்றி வைக்கத் துண்டு போதுமா, பஞ்சுத்தாள் வாங்க வேண்டுமா?

ஓசாகா அக்கா:
அடியில் இரண்டு துண்டு, மேலே உங்கள் ஸ்வெட்டர். பெட்டியை மூடி மெல்லக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே அசைகிற சத்தம் கேட்டால் இன்னொரு துண்டு வையுங்கள்.