ஹோசிமின் நகரத்தில் தன்னார்வலராக ஆறு மாதம்: விசா, அறை, சாப்பாடு, வகுப்பு

கேள்வி: அக்கா, நான் தஞ்சாவூர்ப் பக்கம். பி.எட். முடிச்சிருக்கேன். ஹோசிமின் சிட்டியில ஏழைப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஒரு அமைப்பு மூலமா ஆறு மாசத்துக்கு வரப்போறேன். டூரிஸ்ட் விசாவே போதும்னு சொல்றாங்க. ரூம், சாப்பாடு (நான் சைவம்), பாதுகாப்பு எல்லாம் எப்படி? வீட்ல பயப்படுறாங்க.

பதில்: வாம்மா தங்கச்சி. ஊரைப் பார்த்துப் பயப்பட ஒன்றுமில்லை. "டூரிஸ்ட் விசாவே போதும்" என்று சொன்னார்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு வியட்நாம் இ-விசா கிடைக்கும். 2023 ஆகஸ்டிலிருந்து அதிகபட்சம் 90 நாள். ஒருமுறை நுழைய 25 டாலர், பலமுறை நுழைய 50 டாலர். உன் ஆறு மாதக் கணக்கு இதில் அடங்காது. நடுவில் ஒருமுறை கம்போடிய எல்லை வரை போய், புது விசாவில் திரும்பி வரச் சொல்வார்கள். அதைவிடப் பெரிய விஷயம், இந்த விசா வேலை செய்வதற்கானது அல்ல. சம்பளம் வாங்காவிட்டாலும் தினமும் போய் வகுப்பெடுத்தால் அதிகாரிகள் அதை வேலையாகத்தான் பார்ப்பார்கள். வியட்நாம் சட்டத்தில் தன்னார்வலருக்கென்று தனி வகையே இருக்கிறது. அதற்கு ஓர் அமைப்பு உனக்காக முறையாகக் காகிதம் போட வேண்டும். "எந்த விசா, எந்த அனுமதி, யார் விண்ணப்பிப்பார்கள்" என்று மின்னஞ்சலில் கேள். எழுத்தில் பதில் வராவிட்டால் பணம் கட்டாதே.

ஆமாம், பணம் கட்டச் சொல்வார்கள். சேவை செய்ய வருகிறவரிடமே வாரக் கணக்கில் கட்டணம் வாங்கும் இடங்கள் நிறைய. தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து என்றால் அதில் தப்பில்லை. ஆனால் அதில் பள்ளிக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டால் முகம் சுளிக்கிறார்களா, பார். நான் முதலில் பேசிய அமைப்பில் இந்தக் கேள்விக்குக் கடைசிவரை பதிலே இல்லை. அனாதை இல்லத்தில் இரண்டு வாரம் குழந்தைகளோடு விளையாடலாம் என்று படம் போட்டு அழைத்தால் போகவே போகாதே. ஒட்டிக்கொண்ட பிள்ளையை இரண்டு வாரத்தில் விட்டுவிட்டுப் போவதற்குப் பெயர் சேவை இல்லை.

இன்னொன்று, விசா விண்ணப்பத்தில் பெயர். நமக்கு இனிஷியல் உண்டு, அப்பா பெயர் உண்டு, சர்நேம் இருக்காது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே போடு. பெயர் பொருந்தாவிட்டால் சென்னை விமான நிலையக் கவுன்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

அறை

இங்கே வீடுகள் முன்பக்கம் மூன்று நான்கு மீட்டர் அகலம், பின்னால் நீளமோ நீளம், மேலே நான்கைந்து மாடி. மாடிக்கு மாடி அறை பிரித்து வாடகைக்கு விடுவார்கள். கோ வப், பின் தான், ஃபூ நுவன் பகுதிகளில் மாணவர்களும் வேலைக்குப் போகிறவர்களும் அப்படித்தான் இருக்கிறார்கள். 2025 ஜூலையில் பக்கத்து மாகாணங்களான பின் யுவாங்கையும் பா ரியா-வுங் தாவையும் இந்த நகரத்தோடு இணைத்து, பழைய மாவட்டங்களைக் கலைத்துவிட்டார்கள். ஆனால் யாரைக் கேட்டாலும் இன்னும் பழைய மாவட்டப் பெயரைத்தான் சொல்வார்கள். நீயும் அப்படியே கேள்.

விளம்பரத்தில் ஜன்னல் என்று இருப்பது சில நேரம் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றுக்குழியைப் பார்த்துத் திறக்கும். நேரில் பார்க்காமல் முன்பணம் கொடுக்காதே. மாடி பால்கனிக்கு இரும்புக் கூண்டு போட்டிருந்தால், அதில் திறக்கிற கதவு இருக்கிறதா, சாவி எங்கே தொங்குகிறது என்று பார். 2023 செப்டம்பரில் ஹனோயில் இப்படி நெருக்கியடித்த ஒரு குடியிருப்பில் தீப்பிடித்து 56 பேர் செத்துப்போனார்கள். கீழே பைக்குகளை நிறுத்தும் இடமும் மாடிப்படியும் ஒன்றாக இருக்கும் வீடு எனக்குப் பிடிக்காது. வாடகை குறைவென்றாலும் விட்டுவிடு.

நீ குடியேறிய 12 மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் உன் விவரத்தைப் போலீஸில் பதிய வேண்டும். பெரும்பாலும் ஆன்லைனிலேயே போடுவார்கள். "பதிவெல்லாம் வேண்டாம், யாரும் கேட்க மாட்டார்கள்" என்று சொல்கிற வீட்டை விட்டு நகர்ந்துவிடு. கரன்ட்டுக்கு வீட்டுக்காரர் யூனிட்டுக்கு 3,500, 4,000 டொங் என்று தனியாக வாங்குவார். ஏசியை இரவு முழுக்க ஓட்டினால் மாதக் கடைசியில் தெரியும். ஆயிரம் டொங் நம் மூன்று ரூபாய்க்குக் கொஞ்சம் மேல். 20,000 நோட்டும் 5,00,000 நோட்டும் நீல நிறம்தான். இருட்டில் டாக்ஸிக்குப் பணம் கொடுக்கும்போது இரண்டு தடவை பார்.

பக்கத்து வீட்டுக் கரோக்கே பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஞாயிறு மத்தியானம் ஆரம்பித்தால் ராத்திரிதான் ஓயும். காதுக்குப் பஞ்சு வாங்கி வா.

போக்குவரத்து

ஸ்கூட்டர் ஓட்டலாம் என்று நினைக்காதே. நம் ஆர்டிஓ கொடுக்கும் சர்வதேச உரிமம் 1949 ஜெனீவா ஒப்பந்தப்படி வருவது. வியட்நாம் ஏற்பது 1968 வியன்னா ஒப்பந்தத்து உரிமத்தை. ஆகவே அது இங்கே செல்லாது. விபத்தென்றால் இன்சூரன்ஸும் கையை விரித்துவிடும். கடைக்காரன் எதுவும் கேட்காமல் வண்டி கொடுப்பான், அதை நம்பிவிடாதே. 2025 ஜனவரியிலிருந்து பைக்கில் சிக்னல் தாண்டினால் அபராதமே 40 லட்சம் டொங்கிலிருந்துதான் ஆரம்பம். குடித்துவிட்டு ஓட்டினால் ஒரு சொட்டுக்கும் மன்னிப்பில்லை.

போன் ஆப்பில் கூப்பிடும் கிராப் பைக் டாக்ஸி இருக்கிறது, நகரப் பேருந்து இருக்கிறது. 2024 டிசம்பர் 22 முதல் பென் தான் சந்தையிலிருந்து சுவோய் தியென் வரை மெட்ரோவும் ஓடுகிறது. ரோட்டைக் கடக்கும்போது ஒரே வேகத்தில் மெதுவாக நட. நின்றாலும் ஓடினாலும்தான் இடிப்பார்கள். நீ நடக்கிற வேகத்தைப் பார்த்துப் பைக்குகள் தாமாக ஒதுங்கிப் போகும்.

வகுப்பு

இங்கே ஏழைப் பிள்ளைகளுக்குச் சாயங்காலம் நடக்கும் இலவச வகுப்புகள் உண்டு. பௌத்தக் கோயிலில், வார்டு அலுவலகத்தில், சிலசமயம் யாரோ ஒருவர் வீட்டு முன்னறையில். பிறப்புச் சான்றிதழ் இல்லாததால் பள்ளியில் சேராத பிள்ளைகள், மேகாங் டெல்டாவிலிருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பிள்ளைகள். அதில் சிலர் லாட்டரிச் சீட்டு விற்கிறவர்கள். ஒரு சீட்டு 10,000 டொங். தெற்கே குலுக்கல் சாயங்காலம் நாலேகாலுக்கு. அதற்கு முன் விற்காத சீட்டை ஏஜென்டிடம் திருப்பியாக வேண்டும். ஒரு பையன் நோட்டை எடுப்பதற்கு முன்னால் காலிப் பிளாஸ்டிக் உறையை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டு, சட்டைப் பையில் வைத்துப் பட்டனைப் போடுவான். அப்புறம்தான் ஏ பி சி. அவன் ஒருநாள் வராவிட்டால் சோம்பேறி என்று நினைக்காதே, அன்றைக்குச் சீட்டு ஓடவில்லை என்று அர்த்தம். இந்தப் பிள்ளைகளுக்கு நீ புதுசு புதுசாக விளையாட்டு கண்டுபிடிக்கத் தேவையில்லை. செவ்வாய், வியாழன் ஆறு மணி என்றால் மழையானாலும் நீ அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். வார்த்தையின் கடைசி எழுத்தை விழுங்குவார்கள், "நைஸ்", "நைட்", "நைஃப்" மூன்றும் "நை"தான். அதற்கு மட்டும் தினம் பத்து நிமிஷம் ஒதுக்கு.

பிள்ளைகளை போட்டோ எடுத்து இன்ஸ்டாவில் போடாதே. கேட்காமலே சொல்கிறேன்.

சில பெற்றோர் வெள்ளைக்கார டீச்சரைத்தான் எதிர்பார்ப்பார்கள். முகத்துக்கு நேராகவே சொல்வார்கள். ஒரு மாதம் போனால் சரியாகிவிடும். வயசு என்ன, கல்யாணம் ஆச்சா, சம்பளம் எவ்வளவு என்றும் கேட்பார்கள். அக்கா, தங்கை, அத்தை என்று உறவு வைத்துத்தான் இங்கே பேச்சே, வயசு தெரியாமல் அவர்களால் ஆரம்பிக்க முடியாது. தஞ்சாவூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுப் பாட்டி கேட்காததையா கேட்டுவிடப் போகிறார்கள்?

கேள்வி: ரொம்ப நன்றி அக்கா. சாப்பாடும் பாதுகாப்பும்?

பதில்: பாதுகாப்பில் ஒன்றே ஒன்றுதான், போன். ரோட்டோரம் நின்று மேப் பார்க்காதே, பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவார்கள். கடைக்குள் ஏறி நின்று பார். மற்றபடி இரவு ஒன்பது பத்து மணிக்குப் பெண்கள் தனியாகப் போய்வருவது இங்கே சாதாரணம். போலீஸ் 113, ஆம்புலன்ஸ் 115.

சைவம் கஷ்டமில்லை. பலகையில் "சாய்" என்று எழுதியிருந்தால் பௌத்த சைவக் கடை. சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் ஊரில் பாதிப்பேர் சைவம், அன்று சந்தைக் கடைகள் கூட மாறிவிடும். சாய் கடைக்கு வெளியே கவனம் தேவை. காய்கறிப் பொரியலில்கூட மீன் சாஸ் ஊற்றியிருப்பார்கள். "பான் ஹோய்" என்று கேட்டு வாங்கு, நம் இடியாப்பமேதான்.

சந்தையில் முருங்கைக்கீரை, அகத்திப்பூ, வாழைப்பூ, பாகற்காய், புளி, தேங்காய், உடைத்த பாசிப்பருப்பு எல்லாம் கிடைக்கும். துவரம்பருப்புதான் இல்லை.

வெள்ளிக்கிழமை ட்ரூங் டின் தெருவில் மாரியம்மன் கோயிலுக்குப் போய்ப் பார். வருகிறவர்களில் பெரும்பாலோர் வியட்நாமியரும் சீனரும், சுவரில் நெற்றியை வைத்து வேண்டிக்கொள்வார்கள். டோன் தாட் தியெப் தெருவில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கட்டிய தண்டாயுதபாணி கோயில். டோங் டு தெருவில் தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-இல் கட்டிய மசூதி, அதைச் சுற்றி ஹலால் கடைகள். நம்மூர்ச் சாப்பாட்டு ஏக்கம் வந்தால் அந்தப் பக்கம் போ.

டெட், அதாவது வியட்நாமியப் புத்தாண்டுச் சமயத்தில் மட்டும் வந்து இறங்காதே. 2026-இல் அது பிப்ரவரி 17. அந்த வாரம் வகுப்பே இருக்காது, பாதி ஊர் கிராமத்துக்குப் போய்விடும், கடைகள் மூடியிருக்கும். மே முதல் நவம்பர் வரை மழை, மத்தியானத்துக்கு மேல் கொட்டும். குடை உதவாது, பைக் மழைக்கோட்டு இங்கேயே வாங்கிக்கொள்.

பெட்டியில் துவரம்பருப்பு, பெருங்காயம், சாம்பார்ப் பொடி வை. அம்மா அரிசி கட்டிக் கொடுத்தால் மட்டும் வாங்காதே, சந்தையில் ஒரு கடையிலேயே இருபது ரகம் குவித்து வைத்திருப்பார்கள்.