நெற்றியில் விபூதி, காலில் பலகை

மயூர் விஹார் அம்மா:
சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இரண்டு வாரமாக மனதை அரிக்கிறது. பையன் இங்கே டெல்லியில் எட்டாம் வகுப்பு. பள்ளியிலிருந்து உத்தராகண்ட் பனிமலையில் இருக்கும் ஆலிக்கு ஐந்து நாள் ஸ்னோபோர்டு பயிற்சிக்குக் கூட்டிப்போனார்கள், காலில் பலகை கட்டிப் பனியில் சறுக்குவது. துணைக்குப் பெற்றோர் இருவர் வேண்டும் என்றார்கள், நான் மாட்டிக்கொண்டேன். ஹரித்வார் வரை ரயில், அப்புறம் ஒரு நாள் முழுக்க வளைவுப் பாதையில் பஸ், பாதிப் பிள்ளைகள் வாந்தி. அதை விடுங்கள்.

முதல் நாள் காலை எல்லோருக்கும் ஹெல்மெட் கொடுத்தார்கள். பையனுடைய சிநேகிதன் ஒரு சர்தார் பிள்ளை, சீக்கியன். உச்சியில் ஜூடா, அதாவது கொண்டை, அதன் மேல் நீலப் பட்கா, சீக்கியப் பிள்ளைகள் தலையில் கட்டும் துணி. ஹெல்மெட் இறங்கவே இல்லை, மேலேயே ஆடிக்கொண்டு நின்றது. ஹெல்மெட் இல்லாமல் பலகையில் ஏற்ற மாட்டேன் என்றார் பயிற்சியாளர். அதில் தப்பில்லை. கூட வந்த டீச்சர்தான், "பட்காவை ஒரு மணி நேரம் கழற்றி வை பேட்டா, இங்கே யார் பார்க்கப்போகிறார்கள்" என்றார். நாற்பது பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் பதில் சொல்லவில்லை. ஹெல்மெட்டைச் சொம்பு மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றான். அதற்குள் பனி விழுந்து நிரம்பிக்கொண்டிருந்தது. நானும் நின்றேன், வாயைத் திறக்காமல்.

மறுநாள் அவனே ஜூடாவைப் பிடரிக்கு இறக்கி முடிந்து, பெரிய ஹெல்மெட் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டிக்கொண்டு ஏறிவிட்டான். எனக்கு உறுத்துவது அதுவல்ல. இரவு அறையில் என் பிள்ளை கேட்டான்: "அம்மா, அது நானா இருந்தா நீயே கழட்டிடுன்னு சொல்லியிருப்பே, இல்ல?" ஒன்றாம் வகுப்பிலிருந்து தினமும் பள்ளி கேட்டுக்கு முன்னால் அவன் நெற்றி விபூதியைத் துப்பட்டா நுனியால் துடைத்து அனுப்புகிறவள் நான். பள்ளியில் யாரும் ஒரு நாளும் துடைக்கச் சொன்னதில்லை. உங்கள் வீட்டில் எப்படி?

முனிர்கா பழைய மாணவன்:
என்னிடம் சொன்னார்கள். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளி, 90களில். அன்று சாம்பல் புதன். பக்கத்து பெஞ்சுப் பையன் பூசை முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்திருந்தான், என் நெற்றியில் மூன்று கோடு. வரிசையில் வந்த சிஸ்டர் என்னை மட்டும் "போய்க் கழுவு" என்றார். குழாயடியில் நிற்கிறேன், அவனும் பின்னாலேயே வந்து தன் நெற்றியைக் கழுவினான். உனக்கென்னடா என்றேன். "ராக் தோ ராக் ஹை யார்" என்றான். சாம்பல் சாம்பல்தானே. இருவரும் சட்டை நனைந்து வகுப்புக்குப் போனோம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு ஆறு மாதம் சம்பளம் வராதபோது பீஸ் கேட்காமல் விட்டவரும் அதே சிஸ்டர்தான். கோபப்படவும் தெரியவில்லை.

கரோல்பாக் மாமா:
மயூர் விஹார் அம்மா, விபூதியைத் துடைத்ததற்கெல்லாம் ஒரு வருத்தமா? நாங்கள் இங்கே வந்த புதிதில் நெற்றியைப் பார்த்தே "மதராசி" என்று பின்னாலேயே ஓடி வருவார்கள். என் தாயாரும் துடைத்துத்தான் அனுப்பினாள். 1973ல் இங்கே மலை மந்திர் முருகன் கோயில் கும்பாபிஷேகம் ஆனபிறகு ஞாயிற்றுக்கிழமை அங்கே போய்ப் பட்டையாகப் பூசிக்கொள்வோம், தீர்ந்தது. டீச்சர் சொன்னதிலும் குற்றமில்லை. மண்டை உடைந்தால் பதில் சொல்வது யார்? முனிர்கா தம்பி, பீஸ் விட்டவரைப் பற்றி இங்கே எழுதியிருக்க வேண்டாம்.

தீஸ் ஹசாரி ஜூனியர்:
மாமா, மன்னிக்கணும், ஜூனியர் வக்கீலாகச் சொல்கிறேன், டீச்சர் செய்தது சரியில்லை. பயிற்சியாளர் கேட்டது பாதுகாப்பு. டீச்சர் கேட்டது "யாரும் பார்க்கவில்லையே, விட்டுவிடு" என்பது. இரண்டும் ஒன்றல்ல. மோட்டார் வாகனச் சட்டத்தின் 129வது பிரிவே பைக் ஓட்டும்போது தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்கு தருகிறது. பனிமலையைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை, அதனால் பயிற்சியாளரைக் குறை சொல்ல மாட்டேன்.

முனிர்கா அண்ணா கதைக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அரசமைப்புச் சட்டம் 28(3): அரசு அங்கீகாரமோ உதவியோ பெற்ற பள்ளியில், பிள்ளையைப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ உட்கார வைக்க முடியாது. அப்புறம் பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளத்தில் 1985ல் யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூன்று பேரைப் பள்ளியிலிருந்து நீக்கினார்கள். தேசிய கீதத்துக்கு மரியாதையாக எழுந்து நிற்பார்கள், ஆனால் பாட மாட்டார்கள், அதுதான் குற்றம். 1986ல் உச்ச நீதிமன்றம், நீதிபதி சின்னப்ப ரெட்டி அமர்வு, திரும்பச் சேர்க்கச் சொல்லிவிட்டது. எழுந்து நின்றதே மரியாதை, பாடாதது அவமரியாதை இல்லை என்று. சட்டக் கல்லூரியில் சேருகிறவர்கள் முதலில் இதைப் படிக்கலாம். விபூதியை அழி என்று சொன்னால் எழுத்தில் கேளுங்கள், பாதிப் பேர் அத்தோடு விட்டுவிடுவார்கள்.

என் அனுபவமா? பத்தாம் வகுப்பில் ஒருவன் பிரார்த்தனையில் கண்ணை மூட மாட்டான். அதை டீச்சரிடம் போட்டுக்கொடுத்தவன் நான். அப்படியானால் நீ மட்டும் கண்ணைத் திறந்து வைத்திருந்தாயா என்று டீச்சர் கேட்கவே இல்லை.

குல்மர்க்கில் விழுந்தவன்:
எல்லோரும் தலையையே பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள், மணிக்கட்டை யாரும் நினைக்கவில்லை. புதிதாகப் பலகை ஏறுகிறவர்களுக்கு அதிகம் உடைவது அதுதான். விழும்போது உள்ளங்கையை ஊன்றாதீர்கள், கையை மூடிக்கொண்டு முன்கையில் விழுங்கள். மணிக்கட்டுக்குக் காப்பாக ரிஸ்ட் கார்டு கட்டாயம். எந்தக் கால் முன்னால் என்று தெரியாவிட்டால் பின்னாலிருந்து யாரையாவது லேசாகத் தள்ளச் சொல்லுங்கள், எது முதலில் முன்னே போகிறதோ அது. இடது கால் முன்னால் என்றால் ரெகுலர், வலது என்றால் கூஃபி. முதல் இரண்டு நாள் பலகையின் குதிகால் பக்க விளிம்பில் நின்று, உதிர்ந்த இலை மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சரியப் பழகினாலே போதும். பலகையைத் தட்டையாக விட்டால் கீழ்ப்பக்க விளிம்பு பனியில் மாட்டி, கண் சிமிட்டுவதற்குள் முகம் தரையில். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு போகவே போகாதீர்கள், ஈரம் ஏறினால் நடுங்கிச் சாவீர்கள்.

எனக்கும் ஒரு சாமி கதை உண்டு. 38 வயதில் கற்றுக்கொள்ளப் போனேன். மத்தியானத்துக்குப் பிறகு சரிவில் இரண்டு காலும் பலகையில் பூட்டி உட்கார்ந்திருக்கிறேன். பயிற்சியாளர் பையன் மணியைப் பார்த்தான், "அசையாதீங்க சார்" என்றான், தன் பலகையைப் பனியில் செங்குத்தாகக் குத்தி நிறுத்தினான், ஜாக்கெட்டைக் கழற்றி விரித்துத் தொழ ஆரம்பித்தான். உள்ளே மெல்லிய ஸ்வெட்டர்தான். நான் அசையவில்லை. அசைந்தால் நேராக அவன் மேல்தான் போய் விழுவேன்.

மயூர் விஹார் அம்மா:
எல்லோருக்கும் நன்றி. ரிஸ்ட் கார்டு எல்லாம் போட்டுத்தான் ஏறினார்கள், அண்ணா. நேற்றுக் காலை நான் துடைக்கவில்லை. கை பழக்கத்தில் துப்பட்டாவுக்குப் போனது, பிடித்துக்கொண்டேன். சாயங்காலம் வந்தபோது நெற்றியில் ஒன்றும் இல்லை. வியர்வையா, யாராவது சொன்னார்களா, அவனே அழித்தானா, கேட்கவில்லை.

குல்மர்க்கில் விழுந்தவன்:
அந்த சர்தார் பிள்ளைக்கு எந்தக் கால் முன்னால்?

மயூர் விஹார் அம்மா:
வலது.

குல்மர்க்கில் விழுந்தவன்:
கூஃபி. நானும் அதுதான்.